சற்ற நேரம்

நான் இருபது வருடம் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது கலா என்ற பெண் உட்காருகிறார். மேசையில் தட்டச்சுப்பொறி இல்லை, கணினி வந்துவிட்டது. போன மாதம் ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தபோது அதில் எப்படி அடிப்பது என்று எனக்குக் காட்டினார். எல்லா எழுத்தும் ஒரே அளவு, ஒரே கறுப்பு.

"யார் அடிச்சாலும் ஒண்ணு போலத்தாம்மா வரும். இன்னார் அடிச்சதுன்னு ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ராஜபாளையம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அப்போதுதான் இந்தக் கட்டுரையைக் கேட்டார். மையத்தின் மலர் ஒன்று வரப்போகிறதாம். எழுத்தாளர் சாருடன் அதிக நாள் வேலை பார்த்தவள் நான்தான், அவர் எப்படிப் பாடம் நடத்தினார், மாணவர்களிடம் எப்படி இருந்தார் என்று எழுதித் தர வேண்டும் என்றார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருடைய நாவல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். அவரை நான் ஒன்பது வருடம் சந்தேகத்தோடு பார்த்தேன் என்பது யாருக்கும் தெரியாது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ராஜபாளையத்தில் பள்ளிப்படிப்பு முடித்து, தட்டச்சில் லோயர், ஹையர் தேறி, தேர்வெழுதிப் பல்கலைக்கழக வேலைக்கு வந்தேன். "பொருளைப் படிக்காதே, எழுத்தைப் படி" என்று சொல்லிக்கொடுத்தார் தட்டச்சு வாத்தியார். பொருளைப் படித்தால் விரல் பிசகும். அந்த விதியை வேலைக்காலம் முழுவதும் காப்பாற்றினேன். மீறியது இரண்டே முறை.

பல்கலைக்கழகத்தின் முதுகலை மையம் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. முன்பு பஞ்சு மூட்டை அடுக்கிய கிட்டங்கி. ஓர் இயக்குநர், நான்கு ஆசிரியர்கள், கடைநிலை உதவியாளர் மிக்கேல் அண்ணன், நான். எண்பதுகளின் தொடக்கத்தில் எழுத்தாளர் சார் தமிழ்த்துறைக்கு வந்து சேர்ந்தார்.

அவர்மேல் முதல் சந்தேகம் பச்சை மையால் வந்தது. பச்சை மை அதிகாரிகளுக்கு உரியது. சாதாரண விரிவுரையாளர் எதற்குப் பச்சையில் எழுதுகிறார்? இரண்டாவது, சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டு. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்து ஏதோ குறித்துக்கொள்வார். என்ன குறித்தார் என்று காட்ட மாட்டார். மிக்கேல் அண்ணன் ஒரு நாள் தன் மாமியாரைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் நோட்டை எடுத்தார். அண்ணன் வாயை மூடிக்கொண்டார். "இவிய முன்னால மூச்சு விடக்கூடப் பயமா இருக்கு, எழுதிருவாவ" என்று என்னிடம் வந்து சொன்னார்.

அந்த நோட்டில் நானும் ஏறினேன். அறிவிப்புப் பலகைக்காக ஒரு தாள் அடித்திருந்தேன். 'மாணவர்கள் சற்ற நேரம் காத்திருக்கவும்.' சார் அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இது தப்பு என்று அவர் யாரிடமும் சொல்லமாட்டார். பேனா மூடியை அந்தச் சொல்லின்மேல் வைத்துவிட்டு, பேசாமல் நிற்பார். நாமாகப் பேச வேண்டும்.

"செத்த நேரம்னுதான் சார் சொல்லுவோம். எழுத்துல செத்தன்னு அடிச்சா அபசகுனமா இருக்கும்லா. அதான் சற்றன்னு மாத்தினேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "சற்றுன்னு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கும்மா. ஆனா உங்களுது நல்லாருக்கு. இப்படி அடிக்கிறவங்க உலகத்துலயே நீங்க ஒருத்தராத்தான் இருப்பீங்க."

நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு பச்சை மையால் 'ற'வைத் திருத்தி 'று' ஆக்கினார். என் விரல் அதற்குப் பிறகும் திருந்தவில்லை. எப்போது அந்தச் சொல் வந்தாலும் சற்ற என்றே அடிக்கும். அவர் ஒவ்வொரு முறையும் திருத்தித் தருவார். ஆசிரியர்கள் எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கை. "அம்மா, சற்ற நேரத்துல டீ வருமா?" என்று இயக்குநரே கேட்பார்.

சார் நடத்திய பாடம் சுவடிப் பதிப்பு. பழைய நூல்களை ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுத்தபோது பிழைகள் எப்படி நுழைந்தன என்பதைப் பற்றியது. வகுப்புக்கும் என் இடத்துக்கும் நடுவே பாதிச் சுவர்தான், எல்லாம் கேட்கும். ஒரு பத்தியை முதல் மாணவரிடம் கொடுப்பார். அவர் பார்த்து எழுதி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும், அடுத்தவர் அதைப் பார்த்து எழுத வேண்டும். பத்தாவது ஆள் எழுதி முடித்ததும் பத்துத் தாளையும் மேசையில் பரப்பி, எந்தப் பிழை யார் கையில் பிறந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்வார். பெயர் இல்லாத தாளைக் கொடுத்தாலும் பிழையை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார். மாணவர்கள் கைதட்டுவார்கள். எனக்கு அது போலீஸ்காரர் வேலையாகத் தெரிந்தது.

யாராவது புத்திசாலித்தனமாகப் பிழையைத் திருத்தி எழுதியிருந்தால் மட்டும் அவர் குரல் மாறும்.

"படியெடுக்கிறவங்க திருத்தக் கூடாது. உள்ளது உள்ளபடி எழுதுங்க. திருத்தினீங்கன்னா எழுதினவன் காணாமப் போயிருவான்."

வாரத்துக்கு ஒரு முறையாவது இதைக் கேட்டிருப்பேன்.

அவருடைய டியூட்டர் வேலையும் மற்றவர்களைப் போல இருக்காது. ஓர் ஆசிரியருக்குப் பதினைந்து மாணவர்கள் என்று பிரித்துக்கொடுப்பார்கள். மாதம் ஒரு முறை அவர்களைப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். மற்ற மூவரும் டீ குடிக்கும்போதே பதினைந்து கையெழுத்தையும் வாங்கிவிடுவார்கள். இவர் வாரந்தோறும் ஒவ்வொருவராக, அரை மணி நேரம், தனியாக அழைத்தார். கிட்டங்கிக் காலத்தில் பஞ்சு எடைபோட்ட அறை அவருக்கு. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மாணவர் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். அவர் படித்துவிட்டு, ஏதாவது ஒரு சொல்லில் பேனா மூடியை வைத்துக் காத்திருப்பார். உள்ளே போன பிள்ளைகள் சில நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். ஒரு சொல்லைக் கேட்டதற்கா அழுவார்கள் என்று எனக்குத் தோன்றும். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை மிக்கேல் அண்ணன் கண்டுகொண்டார். "என்னம்மா, மிஷினு நின்னு போச்சு, காது மட்டும் ஓடுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏழாவது வருடம் என் மகள் வளர்மதி அங்கே எம்.ஏ. சேர்ந்தாள். சாருடைய பதினைந்து பேரில் அவளும் ஒருத்தியானாள்.

இங்கே என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். மிஷின் சத்தத்தில் நாற்பது வயதிலேயே காது போய்விட்டது. மில்லுக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை, சாடைதான். அதனால் அங்கே தெரியவில்லை. வெளியே உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். மில்லுக்குத் தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் சொந்தக்காரர்களுக்குக்கூட நாங்கள் சொல்லவில்லை. அவருக்குத் தெரியக் கூடாத ஏதாவது பேச வேண்டும் என்றால் நானும் மகளும் அடுப்புப் பக்கம் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவோம். வத்திராயிருப்பில் இருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "நாங்க கேட்டதுக்குப் பொண்ணோட அப்பா பதிலே சொல்லலையே" என்று முகம் சுளித்துப் போனதையும் அப்படித்தான் பேசினோம். வளர்மதி பன்னிரண்டு வயதிலேயே அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். முதுகுப் பேச்சு. எங்கள் மூன்று பேரில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சொல்.

சாருடைய நாவலை நான்தான் அடித்துக் கொடுத்து வந்தேன். வேலை முடிந்த பிறகு அரை மணி, முக்கால் மணி. எழுத்தை மட்டும் படித்து அடித்துக்கொண்டு போனவள், ஒரு நாள் சாயங்காலம் நின்றேன். பச்சை மையில் இருந்தது. 'அந்த வீட்டில் தாயும் மகளும் முதுகுப் பேச்சு பேசினார்கள்.'

அந்தப் பத்தியை முதல்முறையாகப் பொருளோடு படித்தேன். காது கேளாத மில் தொழிலாளி. அடுப்பு. முதுகு. எல்லாம் இருந்தது. புத்தகம் வந்தால் ராஜபாளையத்தில் எந்த மில், யார் வீடு என்று ஒருவரும் கேட்க வேண்டியிருக்காது. வேலை போகும். அதைவிட இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. எங்கள் வீட்டின் அடிமடியில் இருந்த ஒன்றை எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு என் மகளுக்கும் இந்த மனிதருக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

அன்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டேன். "ஏட்டி, அந்த சார்ட்ட நம்ம வீட்டு விஷயம் எதுவும் பேசுவியா?"

"பேசாம? அதுக்குத்தானம்மா போறோம்" என்றாள். லேசாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு வாரம் தூங்கவில்லை. அவள் ரவிக்கைக்குப் பொருத்தமாக வளையல் போட்டால் சந்தேகம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தால் சந்தேகம். நேரே கேட்டிருக்கலாம். அவள் என்ன சொல்வாளோ என்று பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, நான் தட்டச்சு படித்த ராஜபாளையம் பயிலகத்துக்குப் போய், பழக்கம் விட்டுப்போகிறது என்று சொல்லி ஒரு மிஷினில் உட்கார்ந்தேன். பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு மொட்டைக் கடிதம் அடித்தேன். அலுவலக மிஷினில் 'ழ' கொஞ்சம் இறங்கி விழும், அதனால்தான் வேறு மிஷின். ஊர் முத்திரை காட்டிக்கொடுக்கும் என்று திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்காமல் கிருஷ்ணன்கோவில் வரை போய்த் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவ்வளவு யோசித்தேன்.

கடிதத்தில் இருந்த ஒரு வரி இன்றும் மனப்பாடம். 'மாணவியரைத் தம் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, சற்ற நேரம் என்று சொல்லி மணிக்கணக்கில் இருத்தி வைக்கிறார்.'

அந்தக் கதவைச் சாத்த முடியாது. மழையில் ஊதிப்போய்ப் பாதியிலேயே நின்றுவிடும். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியும்.

மூன்று வாரம் கழித்துச் சார் பெயருக்கு 'அந்தரங்கம்' என்று போட்ட உறை வந்தது. மிக்கேல் அண்ணன் என் மேசையைத் தாண்டித்தான் அதைக் கொண்டுபோனார். மறுநாள் காலை பதினொரு மணிக்குச் சார் என்னிடம் வந்தார். கையில் மூன்று தாள். இரண்டு அவர் எழுதிய விளக்கம். மூன்றாவது என் கடிதம்.

முறை இதுதான். மனுவின் மூலத்தைப் பதிவாளருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். விளக்கத்தோடு மனுவின் உண்மை நகல் ஒன்றை இயக்குநருக்கும், மூத்த ஆசிரியர் இருவருக்கும் கொடுத்து அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும். நகலின் அடியில் 'உண்மை நகல்' என்று அடித்து, தட்டச்சர் சுருக்கொப்பம் இட வேண்டும். அந்த மூவரும் என் அறிவிப்புகளை ஒன்பது வருடம் படித்தவர்கள்.

அவர் நின்றுகொண்டிருக்கும்போதே நான் தாளை மிஷினில் ஏற்றினேன். கார்பன் இரண்டு தடவை நழுவியது. முதலில் விளக்கம். வாரம் ஒரு முறை சந்திப்பதன் காரணத்தை நிதானமாக எழுதியிருந்தார். 'அந்த அறைக் கதவைச் சாத்த இயலாது என்பதை மையத்தில் பணிபுரியும் அனைவரும் அறிவர்' என்று ஒரு வரி. அதில் ஓர் எழுத்துப் பிசகி, அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். கடைசிப் பத்தி இது:

'மனுவில் கேட்கப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தம் வீட்டில் மட்டும் வழங்கும் ஒரு சொல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரும்படி என் மாணவர் பதினைந்து பேருக்கும் பயிற்சி கொடுத்தேன். ஒரு மாணவி எழுதிய சொல்லை அவரிடம் கேட்காமல் என் நாவலில் சேர்த்துவிட்டேன். அது என் தவறு. அந்தப் பகுதியை நீக்கிவிட்டேன்.'

இதை யாரும் கேட்கவில்லையே சார் என்று வாய் வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று விழுங்கிக்கொண்டேன்.

பிறகு என் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பேனா மூடியை அந்தச் சொல்லின்மேல் வைத்தார். பேசாமல் நின்றார். பிள்ளைகள் அந்த அறையில் ஏன் அழுதார்கள் என்று அப்போது தெரிந்தது.

"உள்ளபடியே அடிங்கம்மா. இந்த ஒரு இடத்தை மட்டும் திருத்திருங்க. சற்று."

"பிரதியில திருத்தக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க." எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஆமா" என்றார். "திருத்தினா எழுதினவங்க காணாமப் போயிருவாங்க. போகட்டும்."

மூடியை எடுத்துப் பேனாவில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். நான் சற்று என்று அடித்தேன். அடியில் உண்மை நகல் என்று அடித்து என் சுருக்கொப்பத்தை இட்டேன்.

கதவைப் பற்றிய குற்றச்சாட்டு நிற்கவில்லை. இயக்குநரும் மற்ற இருவரும் கதவைப் போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு, அது சாத்தாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அவரே ஒப்புக்கொண்டதை விடவில்லை. மாணவியின் வீட்டு விவரத்தைச் சொந்த எழுத்துக்குப் பயன்படுத்தினார் என்று டியூட்டர் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடை போட்ட அறையில் பழைய விடைத்தாள்களைக் கட்டி அடுக்கினோம். பதினைந்து கையெழுத்தும் மறுபடி டீ நேரத்தில் விழ ஆரம்பித்தது. அடுத்த வருடம் அவராகவே தலைமை வளாகத்துக்கு மாற்றல் கேட்டுப் போனார். போகிற அன்று என் மேசையில் வந்து, வாரேம்மா என்றார்.

நாவல் வந்தது. வாங்கிப் பார்த்தேன். அந்தப் பத்தி இல்லை.

நிம்மதி வரவில்லை. புதுச் சந்தேகம் வந்தது. அவர் என்னைக் காப்பாற்றினாரா, அல்லது தனக்குத் தெரியும் என்று காட்டிவிட்டுப் போனாரா? இன்னொரு நாவலில் மொட்டைக் கடிதம் எழுதிய தட்டச்சுக்காரி வருவாளா என்று அவருடைய ஒவ்வொரு புத்தகத்தையும் பயத்தோடு புரட்டினேன். இதுவரை வரவில்லை. கணினிப் பயிற்சிக்கு அழைத்தபோது விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்ததற்குக் கண் வலி என்று காரணம் சொன்னேன். அந்த மேசையைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

இந்த வருடம் என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் மேஸ்திரி மாலை போட்டுவிட்டு, அவர் முகத்துக்கு நேராக நின்று, எழுத்துக் கூட்டுவதுபோல வாயைத் திறந்து சொன்னார். "உமக்குக் காது கேக்காதுன்னு பத்து வருஷமா எங்களுக்குத் தெரியும்வே. நூல் அறுந்தா உமக்குத்தான் முதல்ல தெரியும். எங்களுக்கு அது போதும்." எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வளர்மதி இப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். அவளுக்கும் பதினைந்து பிள்ளைகள். அவளும் தனித்தனியாக அழைத்து ஒரு பக்கம் எழுதிவரச் சொல்கிறாளாம். எந்தத் தாய் எந்த மிஷினில் உட்கார்ந்திருக்கிறாளோ என்று எனக்கு ஒவ்வொரு நாளும் பயம்.

கலா இந்தக் கட்டுரையைக் கேட்ட வாரம் வளர்மதி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கியவள், நிறுத்தினேன். திரும்பி, என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். கடிதம் அடித்ததிலிருந்து சுருக்கொப்பம் இட்டது வரை இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன்.

வளர்மதி சற்ற நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து அடுப்புப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னாள். "நான் எழுதிக் குடுத்த அந்த ஒரு பக்கத்தாலதான் அவரு போனாருன்னு நெனச்சேம்மா. இம்புட்டு வருஷமா."

"என்ன சொல்லுதா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

சொன்னேன். ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த சார் உன்னயப் பத்தி யார்ட்டயும் சொல்லலயா?"

"சொல்லல."

"அப்பம் நீதான் சொல்லணும்" என்றார்.

அதனால் எழுதிவிட்டேன். கலா, இதைக் கணினியில் அடிக்கும்போது ஓர் இடத்தில் 'வளர்மதி சற்ற நேரம் பேசவில்லை' என்று இருக்கும். நீங்கள் நல்ல மனதோடு அதைத் திருத்திவிடுவீர்கள். திருத்த வேண்டாம். உள்ளது உள்ளபடி அடியுங்கள். மலர் சாருக்கும் ஒன்று போகும்.